பூசம் எங்கே இருக்கிறது?

தினமும் காலையில் வானொலியில் ‘இன்றைய நட்சத்திரம்’ என்று ஒரு பெயரை வாசிக்கிறோம். வீட்டில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது நீங்களும் அதே பெயரைப் பார்க்கிறீர்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்க, பொருத்தம் பார்க்க, கோயிலில் அர்ச்சனை செய்ய, எல்லாவற்றுக்கும் நமக்கு நட்சத்திரம் வேண்டும். ஆனால், “பூசம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்று ஒரு பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேர் வானத்தை நோக்கிக் கை நீட்டுவோம்?

கடக ராசியில் உள்ள மங்கலான சில நட்சத்திரங்களுக்குத்தான் பூசம் என்று பெயர். அவற்றின் நடுவே வெண்புகை போல ஒரு திட்டு உண்டு. கலிலியோ தம் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பியபோது, அந்தப் புகை நாற்பதுக்கு மேற்பட்ட நட்சத்திரங்களாகப் பிரிந்தது. 1610-இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிவு செய்தார். உண்மையில் அது ஏறக்குறைய ஆயிரம் நட்சத்திரங்கள் கொண்ட கூட்டம். இன்று நம் கண்ணை எட்டும் அதன் ஒளி சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. மலாக்கா சுல்தானகம் தலையெடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

வேடிக்கை என்னவென்றால், தைப்பூசத்தன்று பூசத்தைப் பார்ப்பது கடினம். அன்று முழுநிலவு அதன் அருகிலேயே நிற்கும். பூசம் என்று நாளுக்குப் பெயர் வந்ததே நிலவு அங்கே இருப்பதால்தான். ஆனால் அந்த நிலவொளியில் மங்கலான கூட்டம் மறைந்துவிடும். ஒரு வாரம் பொறுங்கள். நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கே பாருங்கள். புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள் மேலே, மகம் கீழே. இரண்டுக்கும் நடுவில், சாதாரண பைனாகுலரில், தேனீக்கள் மொய்ப்பது போல அந்தக் கூட்டம் தெரியும்.

இதைப் போன்ற மங்கலான பொருள்கள் வானில் ஏராளம். பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே 18-ஆம் நூற்றாண்டில் வால்நட்சத்திரங்களைத் தேடியவர். வால்நட்சத்திரம் போல் தோன்றி ஏமாற்றும் பொருள்களை அவர் பட்டியலிட்டு வைத்தார். பூசக் கூட்டம் அதில் 44-ஆவது. 110 பொருள்கள் கொண்ட அந்தப் பட்டியல்தான் இன்று உலகெங்கும் பொழுதுபோக்கு வானியலாளர்களின் பாலபாடம்.

இவற்றைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கருவி உதவும், மறுப்பதற்கில்லை. இருளில் நம் கண்மணி ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் அகலம் விரியும். 150 மில்லிமீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி அதைப்போல் சுமார் 450 மடங்கு ஒளியைத் திரட்டும். ஆனால் பின்னணி வானமே வெளிறியிருந்தால், அந்த வெளிறலையும் அது சேர்த்தே திரட்டும். முதல் தேவை இருள்தான்.

அங்கேதான் புக்கிட் பெலண்டோக் போன்ற இடங்கள் நினைவுக்கு வருகின்றன. இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு 1999-ஆம் ஆண்டின் நிப்பா நோய்த் துயரம்தான் ஞாபகம் வரும். ஆனால் போர்ட்டிக்சன் பக்கத்து இந்தத் தோட்டப்புறத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், வடவானம், தென்வானம் இரண்டும் இங்கே கண்ணுக்கு எட்டும்.

இதன் மதிப்பை அறியத் தமிழ்நாட்டுக்குப் போகலாம். வைணு பாப்பு என்ற வானியலாளர் 1960-களில் தொலைநோக்கிகளுக்கு இடம் தேடியபோது, வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். நகர வெளிச்சம் இல்லாத காடு. தென்வானமும் ஓரளவு தெரியும் இடம். 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அந்தக் காவலூரைவிட நமக்குத் தெற்கே இன்னும் பத்து பாகை வானம் கூடுதல். மே, ஜூன் மாத இரவுகளில் தென்சிலுவைக்கு அருகே ஒமேகா சென்டாரி என்ற கோளக் கூட்டம் இங்கே நன்றாக மேலெழும். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்கும் அந்தக் கூட்டம் லண்டன்வாசிகளுக்கு அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மேகமும் புகைமூட்டமும்தான் நம் எதிரிகள். அதற்குப் பொறுமையைத் தவிர வேறு மருந்தில்லை.

பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும். கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடமாகும். இடையில் ஒருமுறை கைப்பேசியைத் திறந்தால் எல்லாம் போச்சு. முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். விளக்கு வேண்டுமானால் சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கு போதும். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறையும்; ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் சுற்றிலும் இருப்பதே காரணம். அந்தச் செல்களுக்கு நிறம் தெரியாது. அதனால் படங்களில் செக்கச்செவேலென்று காணும் ஓரியன் நெபுலா நேரில் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வளர்ந்த செம்பனைக்கு அடியில் வானமே தெரியாது. தமிழ்ப்பள்ளித் திடலோ, கன்றுகள் இன்னும் தாழ்வாக நிற்கும் மறுநடவு நிலமோ நல்லது. நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக் கூட்டமாகப் போங்கள்.

இதை இப்போதே ஏன் சொல்கிறேன்? 2016-இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாது. சிங்கப்பூரில் கண் முழுமையாக இருளுக்குப் பழகவே முடியாத அளவுக்கு வானம் வெளிச்சம். புக்கிட் பெலண்டோக்கும் தப்பவில்லை. சிப்பாங்கில் 1998-இல் திறந்த விமான நிலையம், வளர்ந்துவரும் நீலாய், சிரம்பான் என்று வெளிச்சம் சுற்றி வருகிறது. நகரம் வளர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கின் தலைக்கு மேல் ஒரு மூடி போட்டு, ஒளியைத் தரைக்கு மட்டும் அனுப்பினால் பாதை தெளிவாகத் தெரியும், வானமும் மிஞ்சும்.

விடியுமுன்னே எழுந்து பெரட்டுக்கு நடந்த தாத்தா பாட்டிகளுக்கு அந்த வானம் இலவசமாகக் கிடைத்தது. விடிவெள்ளி எங்கே முளைக்கும், கார்த்திகைக் கூட்டம் எந்த மாதம் தலைக்கு மேல் வரும் என்று அவர்களில் பலருக்குத் தெரியும். அடுத்த தைப்பூசம் முடிந்த வாரம் அவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டப்பக்கம் போங்கள். பைனாகுலரை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.