எஞ்சின் அலறுகிறது, கார் ஏறவில்லை! வழுக்கும் கிளட்சில் குற்றவாளி யார்?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைந்த சாலை. முன்னால் மெதுவாக ஏறும் லாரியை முந்துவதற்காக, பழைய மேனுவல் கார் ஒன்றின் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். எஞ்சின் சத்தம் உயர்கிறது. அதன் சுழற்சியைக் காட்டும் முள் 3,000-இலிருந்து 4,500-க்குத் தாவுகிறது. ஆனால் காரின் வேகம் கூடவில்லை. சற்று நேரத்தில் கருகிய வாடை வருகிறது.

இதைத்தான் ‘கிளட்ச் வழுக்குகிறது’ என்கிறோம். முந்திச் செல்லும் நேரத்தில் இப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து.

பட்டறைக்குப் போனால், “கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்” என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் கியர் பெட்டியைக் கழற்றிச் செய்யும் இந்த வேலைக்குப் பல நூறு ரிங்கிட் செலவாகும். புதுத் தட்டு போட்ட பிறகும் கார் வழுக்கினால்? ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பழைய கார்களில் அப்படியும் நடக்கலாம். செலவு செய்வதற்கு முன்பே உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல் உதவும்.

கால் செய்வது என்ன?

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஃபிளைவீல். கியர் பெட்டியோடு இணைந்தது கிளட்ச் தட்டு. வலுவான ஒரு வில், அழுத்தத் தகட்டின் வழியாகக் கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு சேர்த்து நெருக்குகிறது. உராய்வினால் இரண்டும் ஒன்றாகச் சுழல்கின்றன.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. பிடிப்பது வில்லின் வேலை. கிளட்ச் மிதியை அழுத்தும் நம் கால், அந்தப் பிடியை விடுவிக்க மட்டுமே செய்கிறது.

உராய்வு விசை = உராய்வுக் கெழு × அழுத்தும் விசை. ஆகவே கிளட்ச் வழுக்குகிறது என்றால் இந்த இரண்டில் ஏதோ ஒன்று குறைந்திருக்க வேண்டும். எஞ்சின் அல்லது கியர் பெட்டியிலிருந்து கசியும் எண்ணெய் தட்டில் பட்டாலும், தட்டு சூட்டில் பளபளப்பாகிவிட்டாலும் உராய்வுக் கெழு குறையும். தட்டு அளவுக்கு மீறித் தேய்ந்தாலும், வில் தளர்ந்தாலும் அழுத்தும் விசை குறையும். மிதியை நாம் தொடாதபோதும் ஏதோ ஒன்று அதை இலேசாக அழுத்திக்கொண்டே இருந்தால், அப்போதும் அழுத்தும் விசை குறையும். ஹைட்ராலிக் கிளட்சில் பலர் கவனிக்கத் தவறுவது இந்தக் கடைசிக் காரணத்தைத்தான்.

குழாய்க்குள் பாஸ்கல்

ஹைட்ராலிக் கிளட்சில் மிதிக்கும் கிளட்சுக்கும் நடுவே கம்பி இல்லை. பிரேக் எண்ணெய் நிரம்பிய குழாய்தான் இருக்கிறது. மிதியருகே ஒரு பம்பும் கியர் பெட்டியருகே ஒரு பம்பும் உண்டு. இவற்றை மேல் பம்பு, கீழ் பம்பு என்று அழைப்போம்.

அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கினார். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கால் 100 நியூட்டன் விசை தருகிறது. மிதி ஒரு நெம்புகோல்; அது விசையை 5 மடங்காக்கி 500 நியூட்டனாக மாற்றுகிறது. மேல் பம்பின் பிஸ்டன் பரப்பு 2 சதுர செ.மீ. என்றால், அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 250 நியூட்டன். கீழ் பம்பின் பரப்பு 3 சதுர செ.மீ. என்றால், அங்கே கிடைக்கும் விசை 750 நியூட்டன்!

அப்படியானால் எண்ணெய் குறைந்தாலோ குழாயில் காற்று புகுந்தாலோ கிளட்ச் வழுக்குமா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடப்பதோ நேர்மாறானது. காற்று எளிதில் அமுங்கும். அதனால் காலின் விசை கிளட்சை முழுமையாகப் போய்ச் சேராது. கிளட்ச் சரியாக விடுபடாமல், கியர் ‘கிரீச்’ என்று கத்தும். அது வேறு நோய். வழுக்குதல் என்பது விடுபட முடியாத நோய் அல்ல, பிடிக்க முடியாத நோய்.

திரும்பி வராத எண்ணெய்

காலை எடுத்ததும் எண்ணெய் மேல் பம்புக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஒரு சிறு துளை உண்டு. பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்கினால்தான் அந்தத் துளை திறக்கும். மிச்ச எண்ணெய் அதன் வழியாக மேலேயுள்ள குப்பிக்குள் போகும். பல கார்களில் தட்டு தேயத் தேயக் கீழ் பம்பின் பிஸ்டன் சிறிது சிறிதாக உள்ளே தள்ளப்படுகிறது. அந்த எண்ணெய் குப்பிக்குத் திரும்புவதும் இதே வழியாகத்தான்.

இந்தத் துளையை அழுக்கு அடைத்தாலோ, மிதியின் தள்ளுகம்பி நீளமாக வைக்கப்பட்டிருந்தாலோ எண்ணெய் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பழைய ரப்பர் குழாயின் உட்புறம் சிதைந்தாலும் இதே கதைதான்: காலின் விசையில் எண்ணெய் போய்விடும், ஆனால் திரும்பி வராது. சிக்கிய எண்ணெய் சூட்டில் விரிவடையும், பிடி தளரும், தளர்ந்தால் உராய்வில் மேலும் சூடேறும். இப்படியே தொல்லை வளர்ந்துகொண்டு போகும். காலையில் நன்றாக ஓடும் கார், எஞ்சின் சூடானதும் வழுக்கத் தொடங்கினால் இதைச் சந்தேகிக்கலாம்.

படிப்படியாக விசாரணை

நல்ல மெக்கானிக் செலவில்லாத சோதனையிலிருந்துதான் தொடங்குவார்.

1. மிதியைக் கையால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். தள்ளுகம்பி பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சிறிதளவு தளர்வு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கம்பியின் நீளத்தைச் சரிசெய்வார். இதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.

2. சமதளத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைப்பார். கிளட்ச் வழுக்கும் நிலையிலேயே, மிதியைத் தொடாமல், கீழ் பம்பில் காற்றை வெளியேற்றும் திருகைச் சற்றுத் தளர்த்துவார். எண்ணெய் பீய்ச்சி அடித்து, திருகை மூடி ஓட்டும்போது கிளட்ச் நன்றாகப் பிடித்தால், உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது உறுதி. தட்டின் மீது பழி போட அவசரம் வேண்டாம்.

3. மறுபடி வழுக்கும்போது, முதலில் மேல் பம்பின் குழாய் இணைப்பைத் தளர்த்துவார். அழுத்தம் அங்கேயே வெளியேறினால் கோளாறு மேல் பம்பில் அல்லது தள்ளுகம்பியில். அங்கே வெளியேறாமல் கீழே மட்டும் வெளியேறினால் குற்றவாளி ரப்பர் குழாய்.

4. திருகைத் திறந்தும் அழுத்தம் இல்லை, வழுக்கலும் நிற்கவில்லை என்றால், கியர் பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது தட்டை மட்டும் மாற்றினால் போதாது. எண்ணெய்க் கசிவு இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுத் தட்டும் வழுக்கும்.

இந்தச் சோதனைகளை மாணவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். பிரேக் எண்ணெய் கண்ணுக்குக் கேடு; காரின் சாயத்தையும் அரிக்கும். குப்பியில் எஞ்சின் எண்ணெயை ஊற்றினாலோ உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும். அதுவும் எண்ணெய் திரும்பி வருவதைத் தடுக்கலாம்.

காரணம் எதுவானாலும் வழுக்கும் காரை மலைச்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஓட்டும்போது கிளட்ச் மிதியின் மீதே காலை வைத்திருக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். இலேசாக வைத்த காலும் பிடியைத் தளர்த்தும் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வீட்டில் யாராவது “கிளட்ச் போய்விட்டது” என்று சொன்னால், முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: “பிடிக்கவில்லையா, விடவில்லையா?” விசாரணை அங்கிருந்துதான் தொடங்குகிறது.