கோபுரம் கேட்காத கேள்வி

தென் மாவட்டங்களில் தொலைக்காட்சி என்றால் முதலில் ரூபவாஹினிதான். 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் அந்த ஒளிபரப்பு, பிதுருதலாகலை உச்சியிலிருந்து கடலைத் தாண்டி வந்து இங்கே விழுந்தது. சிங்களச் செய்தி புரியாவிட்டாலும் படம் தெரிகிறதே என்று உட்கார்ந்து பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. கீழ்நாட்டு ஊர்களில் வீட்டுக்கு வீடு ஆன்டெனா முளைத்து, எல்லாமே கொடைக்கானல் பக்கம் திரும்பின.

மலைக்குள்ளேயே இருக்கும் பண்ணைக்காடு போன்ற ஊர்களின் பாடு கொஞ்சம் வேடிக்கை. கோபுரம் பக்கத்து மலையில்தான் என்றாலும் இடையில் ஒரு மேடு மறித்தால் போதும், படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஒரு தெருவுக்குத் தெளிவாக இருப்பது அடுத்த தெருவுக்கு இருக்காது. ஒருவர் கூரைமேல் நின்று குழாயைத் திருப்ப, வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர். “தெரியுதா?” “இல்ல, இன்னும் கொஞ்சம்... ஆங், விட்ரு, விட்ரு!” மழைக்காலத்தில் காற்று ஒரு வீசு வீசினால் மறுநாள் மீண்டும் கூரையேற வேண்டியதுதான்.

இத்தனை தொல்லையிலும் ஒன்றை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உன் பெட்டி என்ன கம்பெனி என்று கோபுரம் கேட்டதே இல்லை. டயனோராவோ, சாலிடேரோ, ஒனிடாவோ, உள்ளூர் மெக்கானிக் பழைய சாமான்களைச் சேர்த்துப் பூட்டிய பெயரில்லாப் பெட்டியோ, எல்லாவற்றுக்கும் ஒரே அலைதான். ஒளிபரப்பின் தொழில்நுட்பக் கணக்கு ஊரறிந்தது. அதைப் படித்து யார் வேண்டுமானாலும் பெட்டி செய்யலாம். படம் மோசமாக இருந்தால் குற்றம் மலையின்மேல், மேகத்தின்மேல், மிஞ்சிப்போனால் பூஸ்டரின்மேல்.

இப்போது அதே பண்ணைக்காட்டில் ஒரு வீட்டுத் திண்ணை. முற்றத்தில் காபிக்கொட்டை காய்கிறது. வாழைத்தார் ஏற்றிவிட்டு வந்த களைப்பில் மாமா நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். மருமகன் மடியில் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி. பத்து வயசு தாண்டிய இயந்திரம். விண்டோஸ் ஏறி உட்கார்ந்து முக்க ஆரம்பித்ததும் அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறான். இயந்திரம் புதுசாக ஓடுகிறது. சந்தா கட்டிய படச் சேவையைத் திறந்தால் மட்டும் முகங்கள் மங்குகின்றன.

“நெட்டு சரியில்லையாடா?”

“நெட்டு நல்லாத்தான் இருக்கு மாமா. யூடியூப்ல பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு. இவங்கதான் லினக்ஸ்னா கம்மியா அனுப்புறாங்க.”

“காசு அதே காசுதானே வாங்குனான்?”

மாமாவின் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. நடப்பது இதுதான். படம் பூட்டப்பட்டு வருகிறது, சாவி தனியாக வருகிறது. குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளில் அந்தச் சாவியை வாங்கிப் பூட்டைத் திறப்பது வைட்வைன் என்கிற துண்டு மென்பொருள். அதை உருவாக்கிய நிறுவனத்தை 2010-ல் கூகுள் வாங்கியது. வைட்வைனில் படிநிலைகள் உண்டு. கைபேசியிலும் ஸ்மார்ட் டிவியிலும் சிப்புக்குள்ளேயே யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஓர் அறை இருக்கிறது. பூட்டு அங்கே திறக்கப்பட்டால் எல்1, உயர்ந்த தரம். லினக்ஸ் கணினியில் பூட்டு வெறும் மென்பொருளில் திறக்கிறது. அது எல்3, கடைசிப் படி. கடைசிப் படியில் நிற்பவருக்கு எந்தத் தரம் என்பதைச் சேவைகளும் படத்தின் உரிமையாளர்களும் தீர்மானிக்கிறார்கள். சிலர் 720 வரை விடுவார்கள், சிலர் 480-லேயே நிறுத்திவிடுவார்கள். 4கே கிடையவே கிடையாது.

முன்பு இதைவிட மோசம். 2008 வாக்கில் நெட்ஃபிளிக்ஸ் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டைத் தேர்ந்தெடுத்தது. லினக்ஸுக்கு சில்வர்லைட் கிடையாது. மாற்றாக எழுதப்பட்ட மூன்லைட்டில் பூட்டுத் திறக்கும் பகுதி இல்லை. அதுவும் 2012-ல் கைவிடப்பட்டது. 2014 இறுதியில்தான் குரோம் வழியே லினக்ஸில் நெட்ஃபிளிக்ஸ் ஓடியது. 2019 நவம்பரில் அமெரிக்காவில் டிஸ்னி பிளஸ் வந்தபோது லினக்ஸ்காரர்களுக்குக் கிடைத்தது ‘எரர் 83’ மட்டும்தான். உலாவி நம்பகமானது என்று சான்று காட்டச் சொல்லும் கூடுதல் சோதனை, லினக்ஸில் காட்ட முடியவில்லை. எதிர்ப்புக் கிளம்பியபின் தளர்த்தினார்கள். தளர்த்த முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள். கூரையேறித் திருப்பவேண்டிய வேலை எதுவும் இல்லை, அவர்கள் பக்கத்தில் ஓர் அனுமதியை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

மருமகன் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. அவன் மாமாவிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. கூடத்தில் டிவியின் பின்னால் செருகியிருக்கும் ஸ்டிக்கில் படம் பளிச்சென்று வருகிறதே, அதற்குள் ஓடுவதும் லினக்ஸ்தான். ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி, எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன் எல்லாவற்றுக்கும் அடியில் லினக்ஸ் கெர்னல். ஆக, லினக்ஸில் படம் காட்ட முடியாது என்பது பொய். சாவி கம்பெனியிடம் இருக்கும் லினக்ஸுக்கு முழுப் படம். பயன்படுத்துபவன் கையில் இருக்கும் லினக்ஸுக்கு மங்கல் படம்.

திருட்டு வீடியோவுக்குப் பயந்துதான் இதெல்லாம் என்பார்கள். பயம் நியாயமானதே. ஆனால் தமிழ்ப் படங்கள் வெளியான கையோடு திருட்டுத் தளங்களில் கிடைப்பது இந்தப் பூட்டுகளுக்குப் பிறகும் நிற்கவில்லை. திருடன் தெளிவான பிரதியைப் பார்க்கிறான். காசு கட்டியவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறான்.

பூட்டு ஓடிடியோடு வந்ததும் அல்ல. கேபிள் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது கம்பியைச் செருகினால் எந்தப் பெட்டியிலும் படம். 2017-ல் செட்டாப் பாக்ஸ் வந்ததும் கார்டு, ரீசார்ஜ் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆனாலும் அந்த பாக்ஸைப் பழைய பெட்டியில் மாட்டினால் ஓடியது. உன் டிவிக்குப் பாதித் தெளிவுதான் என்று பாக்ஸ் சொன்னதில்லை.

தமிழ்நாட்டில் இது உறுத்துவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. லினக்ஸை இங்கே கணினிப் பித்தர்கள் மட்டும் கொண்டுவரவில்லை. தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐஏஎஸ், அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றியவர். 2007-ல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது, தமிழிலேயே இயங்கக்கூடியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இந்த பாஸும் ஏற்றப்பட்டது. அடுத்த எட்டு, ஒன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. பண்ணைக்காட்டுத் திண்ணையில் இருப்பது அதில் ஒன்று. பெரும்பாலோர் பாஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது உண்மைதான். திறந்து பார்த்து, பழகி, பழைய இயந்திரத்தைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றி வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்த மங்கல் படம் பரிசு.

இதற்கு நேர்மாறாக, கொடைக்கானல் மலையிலிருந்து பண்பலை வானொலி இன்றும் 100.5-ல் மதுரை தாண்டிக் கேட்கிறது. எந்த ரேடியோவில் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இரண்டு காரியம் செய்யலாம். லினக்ஸில் படம் பார்ப்பவர்கள் ஃபயர்பாக்ஸ் அமைப்புகளில் டிஆர்எம் (மேலே சொன்ன பூட்டுதான்) உள்ளடக்கத்தை இயக்கும் கட்டத்தை முதலில் டிக் செய்யுங்கள்; படமே வராத வழக்குகளில் பல அதோடு தீரும். வருடச் சந்தாவுக்கு முன் ஒரே ஒரு மாதம் கட்டி, உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துத் தரம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தது அரசு செய்ய வேண்டியது. இணைய இணைப்போடு ஓடிடியையும் கட்டி மொத்தமாக விற்கும் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும்போது, நாங்கள் மக்கள் வரிப்பணத்தில் கொடுத்த இயந்திரத்தில் முழு எச்டி தெரிய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். லட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் அந்த அனுமதி மாறும்.