டாஷ்ஹண்ட்: ஒரு ஜெராக்ஸ் நகலின் கதை

நாய் இனங்களுக்குப் பெரும்பாலும் உயரம் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள். குட்டைக் காலும் நீள முதுகும் கொண்ட டாஷ்ஹண்டுக்கு ஜெர்மானியர்கள் மார்பைச் சுற்றி நாடா பிடிக்கிறார்கள். பெரியது, சின்னது, அதிலும் சின்னது என்று பிரிப்பதே அந்தச் சுற்றளவை வைத்துத்தான். எந்த வளைக்குள் எந்த நாய் நுழையும் என்பதல்லவா வேட்டைக்காரருக்குத் தெரிய வேண்டும்! மிகச் சின்ன வகைக்கு 'முயல் டாஷ்ஹண்ட்' என்றே பெயர். மார்புச் சுற்றளவு 30 செ.மீ. அளவில் இருக்கும். பள்ளிப் பிள்ளையின் அடி ஸ்கேல் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, வட்டமாக வைத்துப் பாருங்கள். அதற்குள் ஒரு வேட்டை நாயின் நெஞ்சு அடங்கிவிடுகிறது.

ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர், 'ஹுண்ட்' என்றால் நாய். பேட்ஜர் என்பது ஐரோப்பியக் காடுகளில் வளை தோண்டி வாழும் பிராணி. 10 கிலோ இருக்கும், நகமும் பல்லும் பொல்லாதவை. ஆனால் ஜெர்மனியில் போய் 'டாஷ்ஹண்ட்' என்றால் சிரிப்பார்கள். அங்கே அது 'டக்கல்'. வேட்டைக்காரர் வாயில் 'டெக்கல்'. 1888இல் தொடங்கிய அதன் சங்கமும் டெக்கல் பெயரில்தான் இருக்கிறது.

இருட்டு வளைக்குள் இறங்கும் நாய் பேட்ஜரைக் கொல்ல வேண்டியதில்லை. எதிரே நின்று விடாமல் குரைத்தால் போதும். மேலே நிற்பவர்கள் சத்தம் வரும் இடத்தைக் காது வைத்துக் கேட்டு, மண்வெட்டியால் தோண்டுவார்கள். அகன்ற முன்பாதம், தொளதொளத் தோல், ஆழமான மார்பு எல்லாம் இந்த ஒரு வேலைக்காகத்தான். அழைப்பு மணி அடித்தால் தெருவே அதிரக் குரைக்கிறதே என்று நொந்துகொள்பவர்கள் கவனிக்க: அது மண்ணைத் துளைத்து மேலே கேட்க வேண்டிய குரல். சொன்ன பேச்சு கேட்காது என்பதும் பழைய புகார்தான். வளைக்குள் சொல்பேச்சு கேட்க எஜமானர் ஏது?

சரி, கால் எப்படிக் குட்டையானது? 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விடை கண்டுபிடித்தார்கள். வளர்ச்சிக்கான எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணு எல்லா நாய்க்கும் உண்டு. உயிரணு தன் வேலைக்காக மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும், வேலை முடிந்ததும் அது அழிந்துபோகும். எப்போதோ ஒரு மூதாதை நாயில் அந்த நகல் அழியாமல், மீண்டும் டி.என்.ஏ.வாக மாறி, 18ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டது. ஜெராக்ஸ் நகலையும் மூலப் பத்திரம் என்று நம்பி வேறொரு கோப்பில் தைத்து வைத்தது போல. கூடுதல் நகல், கூடுதல் உத்தரவு. கால் எலும்பின் முனைக் குருத்தெலும்பு வளர்ச்சியைச் சீக்கிரமே முடித்துக்கொண்டது. கோர்கி, பாசெட் போன்ற குட்டைக்கால் இனங்களிலும் இதே நகல்தான்.

கதை அதோடு நிற்கவில்லை. அதே மரபணுவின் இன்னொரு நகல் 12ஆம் குரோமோசோமிலும் ஒட்டியிருப்பது 2017இல் தெரியவந்தது. வம்பு இதில்தான். முதுகெலும்புகளுக்கு இடையே ஜவ்வு இருக்கிறதே, மற்ற நாய்களில் அது பல ஆண்டுகள் ஜெல்லி போலவே இருக்கும். இந்த நகல் உள்ள நாய்க்கு ஒரு வயதை ஒட்டியே இறுகத் தொடங்கி, சுண்ணாம்பு படிகிறது. பிறகு ஒருநாள் சோபாவிலிருந்து குதிக்கும்போதோ, சும்மா நடக்கும்போதோகூட, அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் இந்தத் தொல்லை வருகிறது. முதுகு நீளம் என்பதால் வருகிறது என்று பலரும் சொல்வது அரைகுறை உண்மை. பீகிளுக்கும் பிரெஞ்சு புல்டாக்குக்கும் முதுகு நீளமில்லை, அவற்றுக்கும் வருகிறது. அவற்றிலும் அதே 12ஆம் குரோமோசோம் நகல் உண்டு.

இத்தனை தொல்லை இருந்தாலும் ஜெர்மனிக்கு இது செல்லம்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமே 'வால்டி' என்ற டாஷ்ஹண்ட்தான். மாரத்தான் பாதையையே அதன் வடிவில் அமைத்தார்கள். அதே நாட்டில் 2024இல், விலங்குக்கே துன்பம் தரும் உடலமைப்போடு இனப்பெருக்கம் செய்வதைக் கட்டுப்படுத்தும் சட்ட வரைவு வந்தபோது, டக்கலுக்கே தடை வந்துவிடுமோ என்று வளர்ப்போர் கொதித்தார்கள். இனத்தைத் தடை செய்யும் எண்ணமில்லை என்றது அரசு. என்னைக் கேட்டால், தடை வேண்டாம். காலை இன்னும் குட்டையாக்கி, முதுகை இன்னும் நீட்டிப் பரிசு வாங்கும் ஆசையை விட்டால் போதும்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு: ஒரு கை மார்புக்கடியில், மறு கை இடுப்புக்கடியில் கொடுத்து, முதுகு படுக்கை வசமாக இருக்கும்படி தூக்குங்கள். முன்கால்களைப் பிடித்துக் குழந்தையைப் போல் தூக்கவே கூடாது. கட்டிலுக்கும் சோபாவுக்கும் ஒரு சாய்பலகை வையுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு மெலிவாக வைத்திருங்கள். ஓடி விளையாடிய நாய் திடீரென்று படியேற மறுத்தாலோ, தொட்டால் கத்தினாலோ, பின்கால்களை இழுத்து நடந்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இரவானாலும் அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.