எய்டு: எது உதவி, எது உரிமை, எது கடன்?

நம் முத்தியால்பேட்டையில் ஆங்கிலம் படிக்காதவர்கள் வாயிலும் சாதாரணமாகப் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘எய்டு’. பிள்ளையைச் சேர்த்தது எய்டட் ஸ்கூல் என்கிறோம். பெரியவருக்குக் காது கேட்க ஹியரிங் எய்டு வாங்க வேண்டும் என்கிறோம். கோர்ட்டில் லீகல் எய்டு வக்கீல் இருக்கிறார் என்கிறோம். பள்ளியிலும் பஸ்ஸிலும் ஃபர்ஸ்ட் எய்டு பெட்டி தொங்குகிறது.

எல்லாவற்றுக்கும் நாம் தமிழில் சொல்லும் பொருள் ஒன்றுதான்: உதவி. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உதவி என்றதும் ‘யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பது’ என்று நினைத்து, கையேந்தக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறோம். சட்டப்படி நமக்கு உரியதும் அப்படியே கைநழுவிப் போகிறது. இதற்கு எதிர்த் தவறும் உண்டு. உதவி என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது வட்டிக் கடன் என்று தெரிய வருகிறது. ஆகவே இந்தச் சொல் எந்த இடத்தில் என்ன பொருள் தருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லது.

சொல் வந்த வழி

புதுச்சேரிக்காரர்களான நமக்கு இந்தச் சொல் ஒரு விதத்தில் சொந்தக்காரச் சொல். லத்தீனில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது இது. இன்றைய பிரெஞ்சில் அதே சொல் ‘எட்’ என்று ஒலிக்கிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊரில், பிரெஞ்சு படித்த மூத்தவர்கள் அறிந்தது அந்த உச்சரிப்பைத்தான்.

இன்னொரு செய்தி வியப்பானது. இடைக்கால இங்கிலாந்தில் ‘எய்டு’ என்பது ஒரு வகை வரிக்குப் பெயர். நிலப்பிரபு எதிரியிடம் சிறைப்பட்டால் மீட்கவும், அவருடைய மூத்த மகனை வீரராக்கும் சடங்குக்கும், மூத்த மகளின் திருமணத்துக்கும் அவருக்குக் கீழ்ப்பட்டவர்கள் கட்டிய பணம் அது. 1215-இல் எழுதப்பட்ட மாக்னா கார்ட்டா சாசனம், இந்த மூன்று காரணங்களைத் தவிர வேறு எதற்கும் மன்னர் தம் விருப்பப்படி ‘எய்டு’ வசூலிக்கக் கூடாது என்று தடுத்தது. அதாவது, ஒரு காலத்தில் இந்தச் சொல் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் கொடுப்பதைக் குறித்தது! யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், திருப்பித் தர வேண்டுமா என்பதை இந்தச் சொல் தானாகச் சொல்லாது. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஜகாத்தும் ஸதகாவும் கர்ழன் ஹஸனாவும் இல்லாதவரின் கைக்குத்தான் போகின்றன. ஆனால் மூன்றையும் நாம் ஒன்றாகக் கருதுவதில்லை. ஜகாத் கடமை, அதைப் பெறுவோர் எட்டு வகையினர் என்று அல்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் வரையறுத்திருக்கிறது. ஸதகா மனமுவந்து கொடுப்பது. கர்ழன் ஹஸனா வட்டியில்லாதது என்றாலும் கடன்தான், திருப்பித் தர வேண்டும். இதே கண்ணோடு ‘எய்டு’ வகைகளையும் பார்ப்போம்.

லீகல் எய்டு: இது உரிமை

1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவு, பணமில்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் பீகார் சிறைகளின் நிலை உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு உரிய உச்ச தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணையே முடியாமல் ஏழைகள் சிறையில் கிடந்தார்கள். ஏழைக்கு இலவச வக்கீல் வசதி கிடைப்பது உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று நீதிமன்றம் அப்போது சொன்னது. 1987-இல் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுதான் யாருக்கெல்லாம் இலவச உதவி உண்டு என்று பட்டியலிடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் உள்ளவர்கள், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் அதில் அடக்கம். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்குக் குறிப்பிட்ட ஆண்டு வருமானத்துக்குக் கீழ் இருந்தால் போதும்.

ஜீவனாம்சத்துக்காகவோ மஹர் தொகைக்காகவோ பிள்ளைகளின் பராமரிப்புக்காகவோ நீதிமன்றம் போக வேண்டிய நிலையில் உள்ள ஒரு சகோதரி, அவர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், பெண் என்ற ஒரே காரணத்தால் இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர். ‘நமக்கு ஏன் தர்ம வக்கீல்’ என்று தயங்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைய அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நியமிக்கப்படும் வக்கீலுக்கு ஆணையமே பணம் தருகிறது. மனுதாரர் தனியாகக் கட்டணம் தர வேண்டியதில்லை.

எய்டட் பள்ளி, கல்லூரி: நிர்வாகம் தனியார், சம்பளம் அரசு

‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்று பலகையில் எழுதியிருந்தால், அங்கே படிக்கும் பிள்ளைகள் உதவி பெறுகிறார்கள் என்று பொருளல்ல. பள்ளியை நடத்துவது ஒரு தனியார் அமைப்பு. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களுக்குச் சம்பளம் அரசுப் பணத்தில் வருகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1854-ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கைக்குப் பிறகு பரவிய முறை இது.

அரசுப் பணம் வருவதால் சில கட்டுப்பாடுகளும் கூடவே வருகின்றன. மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி அங்கே யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 29-ஆவது பிரிவு. மாணவரின் சம்மதமின்றி, சிறுவராயின் பெற்றோரின் சம்மதமின்றி, மத போதனையில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது 28-ஆவது பிரிவு. சிறுபான்மையினர் நடத்துவது என்பதற்காக ஒரு நிறுவனத்துக்கு எய்டு தருவதில் அரசு பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது 30-ஆவது பிரிவு.

சேர்க்கையின்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். ஒரே வளாகத்தில் எய்டட் வகுப்பும் சுயநிதி வகுப்பும் இருக்கக்கூடும். 1951-இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் இரண்டு வகையும் உண்டு. கல்லூரியின் பெயர் ஒன்றானாலும் கட்டணம் ஒன்றல்ல. ‘எய்டட் காலேஜ்தானே’ என்று நினைத்துச் சேர்த்துவிட்டு, சுயநிதிப் பிரிவின் கட்டணத்தைப் பார்த்துத் திகைப்பதைவிட, விண்ணப்பம் வாங்கும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுவது மேல்.

ஹியரிங் எய்டு: இது கருவி

இங்கே ‘எய்டு’ என்பது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருள். காதுக் கருவி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, பிரெயில் எழுத்துக் கருவிகள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றை வழங்க மத்திய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981 முதல் இருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்றிதழ் பெற்றவர்கள், வருமானத்துக்கு ஏற்ப இலவசமாகவோ பாதிச் செலவிலோ பெறலாம். ஆகவே முதல் வேலை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குவது.

இத்தகைய முகாம்களின் பதாகையில் ‘எய்ட்ஸ்’ என்று பன்மையில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். எய்ட்ஸ் நோயின் பெயர் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவானது. அதற்கும் இதற்கும் உறவில்லை.

ஃபர்ஸ்ட் எய்டு: இது செயல்

முதலுதவி பணத்தாலோ மனுவாலோ வருவதல்ல. பக்கத்தில் நிற்பவர் கையால் வருவது. தீக்காயம் பட்டால் பற்பசையோ மையோ தடவாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வரை காட்ட வேண்டும். வலிப்பு வந்தவரின் கையில் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகில் இடிபடும் பொருள்களை அகற்றினால் போதும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

‘ஆக்சிடென்ட் கேஸ், கை வைத்தால் போலீஸ் விசாரணை வரும்’ என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது அந்த உதவியின்போது நேர்ந்ததற்காக வழக்குத் தொடர முடியாது என்று பாதுகாப்புத் தருகிறது. பெயர், விலாசம் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

கடனாக வரும் எய்டு

நாடுகளுக்கு இடையே ‘எய்டு’ என்றால் பல நேரம் கடன்தான். 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல்.480 சட்டத்தின் கீழ் இந்தியாவுக்கு வந்த கோதுமையை எல்லோரும் உதவி என்றே சொன்னார்கள். அதில் பெரும்பகுதி ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மறுசீரமைப்புக்காக உலக வங்கி தந்ததும் நீண்ட காலக் கடனே.

வீட்டு வாசலுக்கு வரும் ‘உதவி’யும் அப்படித்தான். தொழில் உதவி, மகளிர் உதவி என்று பேசுவார்கள். படிவத்தில் ‘கிராண்ட்’ என்று இருந்தால் திருப்பித் தர வேண்டாத மானியம். ‘லோன்’ என்று இருந்தால் கடன். ‘சப்சிடி’ என்றால் கடனிலோ விலையிலோ ஒரு பகுதி மட்டும் தள்ளுபடி. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குற்றத்துக்குப் போகும் எய்டு

பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லிக்கொடுங்கள். குற்றம் ஒன்றுக்குத் தெரிந்தே துணைபோவதும் ஆங்கிலச் சட்ட மொழியில் ‘எய்டு’தான், நம் மொழியில் உடந்தை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 45-ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. ‘உன் பேங்க் அக்கவுண்டில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்’ என்று நண்பன் கேட்பது உதவிபோலத் தெரியும். அது ஏமாற்றுப் பணமாக இருந்தால் கணக்கு முடக்கப்படும். போலீஸ் முதலில் வந்து நிற்பதும் கணக்குக்கு உரியவர் வீட்டு வாசலில்தான். ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. தெரியாமல் சிக்கிக்கொண்டால் உடனே 1930-க்குத் தகவல் சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இனி யாராவது ‘எய்டு’ என்றாலோ ‘உதவி’ என்றாலோ, தயங்காமல் நான்கு கேள்விகள் கேளுங்கள். யார் கொடுக்கிறார்கள்? எந்தச் சட்டத்தின் கீழ், அல்லது எந்தத் திட்டத்தின் கீழ்? திருப்பித் தர வேண்டுமா? கிடைக்காவிட்டால் யாரிடம் முறையிடலாம்?

முறையிட இடம் உண்டு என்றால் அது உங்கள் உரிமை, தலைநிமிர்ந்து கேளுங்கள். திருப்பித் தர வேண்டும் என்றால் அது கடன். கணக்குப் பார்த்து வாங்குங்கள். முதல் கேள்விக்கே தெளிவான பதில் இல்லையென்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.