நெபுலைசரைக் கழுவுகிறீர்கள்... காயவைக்கிறீர்களா?

மழைக்காலம் தொடங்கினால், வீசிங் தொந்தரவு உள்ள குழந்தைகளோ முதியவர்களோ இருக்கும் வீடுகளில் அலமாரியிலிருந்து நெபுலைசர் இறங்கிவிடும். நடுராத்திரியில் குழந்தைக்கு இளைக்கும்போது மருந்தை ஊற்றி, மாஸ்க்கை மாட்டி, ஸ்விட்ச்சைப் போடுவார்கள். மூச்சு சீரானதும் குழந்தை தூங்கிவிடும். அலுப்பில், மாஸ்க்கும் மருந்துக் கப்பும் அப்படியே பைக்குள் போய்விடும். அடுத்த முறை, அதே ஈரத்தின் மேல் புது மருந்து.

சிக்கல் இங்கேதான். திரவ மருந்தை நுரையீரலின் உள்ளறைகள் வரை போகக்கூடிய நுண்ணிய புகையாக மாற்றுவதுதான் இந்தக் கருவியின் வேலை. கப்பில் கிருமி இருந்தால், அதையும் அதே வழியில் உள்ளே அனுப்பிவிடும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு ஈரம் இருந்தாலே போதும். கைக்குழந்தைகளுக்கும், எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கும் இது நிமோனியா வரை போகலாம்.

ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் மீதி மருந்தைக் கொட்டிவிட்டு, கப், மாஸ்க், மவுத்பீஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக அலச வேண்டும். மெஷினிலும் டியூபிலும் தண்ணீர் படவே கூடாது.

கழுவுவதைப் பலரும் செய்துவிடுகிறார்கள். கோட்டைவிடுவது காயவைப்பதில்தான். கைக்குக் கிடைத்த துண்டிலோ முந்தானையிலோ துடைத்தால், போன கிருமி திரும்பி வந்துவிடும். நீரை உதறிவிட்டு, சுத்தமான துணியில் பரப்பி, காற்றில் தானாகக் காயவிட வேண்டும். சிங்க் ஓரம் அதற்கான இடமல்ல. கப்பின் நடுவே உள்ள மெல்லிய துளையில் நீர் தங்கும். டியூபை மாட்டி மெஷினைச் சிறிது நேரம் ஓடவிட்டால் வெளியேறிவிடும். டியூபுக்குள் முத்து முத்தாக ஈரம் தெரிந்தாலும் இதே வைத்தியம்தான். ஆனால், அப்போது டியூபை மட்டும் மாட்டி ஓடவிட வேண்டும். எல்லாம் முழுக்கக் காய்ந்த பிறகே டப்பாவில் போட வேண்டும்.

தினமும் நெபுலைஸ் செய்பவர்கள், கழுவுவதோடு கிருமிநீக்கமும் செய்ய வேண்டும். கருவியோடு வந்த குறிப்பேட்டில் அனுமதி இருந்தால், பாகங்களைக் கொதிக்கும் நீரில் 5 நிமிடங்கள் போட்டு எடுக்கலாம். சில மாஸ்க்குகள் சூட்டில் நெளிந்துவிடும். பேட்டரியில் இயங்கும் மெஷ் வகைகளில் பலவற்றைக் கொதிக்கவைக்கவே கூடாது. வினிகரை நம்ப வேண்டாம். அது எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை.

இன்ஹேலருக்கான ஸ்பேசரையும் துடைக்கக் கூடாது. காரணம் வேறு. பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகி, மருந்துத் துகள்கள் உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். 'டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை' என்ற புகாருக்குப் பின்னால் சில வீடுகளில் இந்தத் துண்டு இருக்கலாம்!

மருந்தோடு கலக்க குழாய் நீரோ காய்ச்சிய நீரோ கூடாது. ஸ்டெரைல் சலைன் மட்டுமே. உடைத்த ஆம்பியூலில் மிஞ்சியதை நாளைக்கென்று எடுத்துவைப்பதும் வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அவசரம் என்றால் மெஷினை இரவல் தரலாம். மாஸ்க்கும் கப்பும் ஆளுக்கு ஒன்று, அண்ணன் தம்பியே ஆனாலும். மெஷினில் உள்ள சின்ன வெள்ளை ஃபில்டர் பழுப்பேறியிருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். பழுப்பேறியிருந்தால் கழுவிப் போடாமல், புதிது மாற்றுங்கள்.