விடிவெள்ளியில் பெண்களின் பெயர்கள்

விடியமுன் எழும்பி முற்றம் கூட்டும்போது கிழக்கே தனியாகப் பளிச்சென்று நிற்கும் விடிவெள்ளியை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். சில மாதங்கள் கழித்து அதுவே மாலையில் மேற்கு வானில் தெரியும். அது நட்சத்திரமல்ல. எமது பூமிக்குப் பக்கத்து வீடான வெள்ளிக் கிரகம்.

அதன் விட்டம் 12,104 கிலோமீற்றர். பூமியைவிடச் சற்றுத்தான் சிறியது. மிக அருகில் வரும்போது எமக்கும் அதற்கும் இடையே சுமார் 4 கோடி கிலோமீற்றர் தூரமே இருக்கும். ஆகவே பூமியின் இரட்டைச் சகோதரி என்பார்கள். எனக்கு அந்த உறவுமுறை பொருத்தமாகப் படவில்லை. அங்கே வெப்பநிலை ஏறக்குறைய 465 பாகை செல்சியஸ், ஈயமே உருகிவிடும். வளிமண்டலத்தில் 96 வீதம் காபனீரொட்சைட்டு. இறுக மூடிய பானையைப் போல உள்ளே வந்த வெப்பத்தை அது வெளியே விடுவதில்லை. முகில்களோ சல்பூரிக்கமிலத் துளிகளால் ஆனவை. போதாததற்கு, இக்கிரகம் பூமிக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அங்கு சூரியன் உதிப்பது மேற்கில்!

1962இல் அமெரிக்காவின் மரைனர் 2 இதன் அருகாகக் கடந்து சென்றது. சோவியத் ஒன்றியத்தின் வெனேரா 7 விண்கலம் 1970இல் தரையிறங்கித் தகவல் அனுப்பியது. வேறொரு கிரகத்தின் தரையிலிருந்து பூமிக்கு வந்த முதற் செய்தி அதுதான். 1982இல் இறங்கிய வெனேரா 13 அந்த வெப்பத்தையும் அமுக்கத்தையும் 127 நிமிடங்கள் தாங்கி நின்று, தட்டையான பாறைகளின் வர்ணப் படங்களை அனுப்பியது.

ஆனாலும் முகில் மறைப்பதால் கிரகத்தின் முழு முகத்தையும் எவரும் கண்டதில்லை. 1990இல் போய்ச் சேர்ந்த மகெல்லன் விண்கலம் ராடர் அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைக் கொண்டு 1994 வரையில் தரையின் 98 வீதத்தைப் படமாக்கியது. மலைகளும் சமவெளிகளும் விண்கற்கள் மோதிய பள்ளங்களும் நூற்றுக்கணக்கில் தெரியவந்தன. அவற்றுக்குப் பெயர் வேண்டுமல்லவா?

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதிப்படி வெள்ளியில் உள்ளவற்றுக்குப் பெண்களின் பெயர்களே சூட்டப்படுகின்றன. உயர்ந்த மேட்டுநிலம் ஒன்றின் பெயர் லக்ஷ்மி. அதன் அருகே 11 கிலோமீற்றர் உயரமாக நிற்கும் மலைக்கு மட்டும் மக்ஸ்வெல் என்ற ஆண் விஞ்ஞானியின் பெயர். அது முன்னரே வைக்கப்பட்டதால் தப்பிவிட்டது. பெரிய பள்ளங்களுக்குச் சாதனை புரிந்து மறைந்த பெண்களின் பெயர்கள். எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் மானிடவியலாளர் மார்கரட் மீட்டுக்கு உரியது. சமூகவியல் மாணவியாக அவருடைய கருத்துக்களோடு மல்லுக்கட்டியவள் என்பதால் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. 1886இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற இந்தியப் பெண் ஆனந்திபாய் ஜோஷிக்கும் இடமுண்டு. போரின்போது ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதி, முகாமில் உயிரிழந்த சிறுமி ஆன் பிராங்குக்கும் உண்டு. சுமார் 20 கிலோமீற்றர் அகலமான ஒரு பள்ளத்துக்கு எமது ஔவையாரின் பெயர்!

சிறிய பள்ளங்களின் விடயம் எனக்கு இன்னும் பிடித்தது. அவற்றுக்குப் பல மொழிகளிலும் வழங்கும் சாதாரணப் பெண் பெயர்களைத் தெரிவு செய்து வைக்கிறார்கள். தந்தை பெயரில்லை, கணவன் பெயரில்லை. என் வேலையில் நாள்தோறும் நிரப்பும் படிவங்களில் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் விதவை' என்றே பெண்களை எழுதிப் பழகிய எனக்கு, அந்த வரைபடத்தைப் பார்த்தபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

மகெல்லனின் கதை அத்துடன் முடியவில்லை. அது 1991இல் எடுத்த படங்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், எரிமலை வாயொன்று எட்டு மாதங்களுக்குள் உருமாறிப் பெருத்திருப்பதைக் கண்டு 2023இல் அறிவித்தார்கள். வெள்ளியில் எரிமலைகள் இன்னும் அடங்கவில்லை என்பதற்கு அது வலுவான சான்று. அம்மலையின் பெயர் மாட்; பண்டைய எகிப்தியரின் நீதித் தெய்வம். 2024இல் இந்தியாவும் வெள்ளிக்கு விண்கலம் அனுப்பும் திட்டத்துக்கு அனுமதி வழங்கியிருக்கிறது.