முதற்பிரதியும் அதன் பின்னரும்

ஈழத்துத் தமிழ் நூலாசிரியர் பலர் தம் நூலுக்குத் தாமே பதிப்பாளராயும் விற்பனையாளராயும் இருந்து வருதல் புதுமையன்று. 1849 இல் சென்னை சென்ற ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவியதும், சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்ததும் ஊதியங் கருதிய முயற்சிகளல்ல. நூல் அச்சேறுமுன்னரே அதனை வாங்க விரும்புவோரிடம் கையொப்பமும் பொருளும் பெறுதல் அக்கால வழக்கம். உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் அவ்வழியே உதவி பெற்றது.

கையொப்பத்தின் இடத்தில் இன்று நிற்பது வெளியீட்டு விழா. பாமன்கடையிலிருந்து நடந்து செல்லுந் தொலைவில், வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில், 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் உளது. அதன் சங்கரப்பிள்ளை மண்டபம் இத்தகைய விழாக்கள் பலவற்றைக் கண்டது. மங்கல விளக்கேற்றல், தமிழ்வாழ்த்து, தலைமையுரை, நயவுரை என்பன முடிய, முதற்பிரதியை வணிகப் பெருமகன் ஒருவர் பெற்றுக்கொள்வார். இதனையே ஒரு தொண்டாகக் கொண்ட புரவலர் ஹாசிம் உமர் பெயரைக் கொழும்பு எழுத்தாளருள் அறியாதார் இலர். பின்னர் ஏனையோரும் வரிசையாக மேடையேறி, உறையிலிட்ட பணத்தை ஆசிரியர் கையிற் கொடுத்துப் பிரதி பெறுவர். உறையிலிருப்பது பெரும்பாலும் நூலின் விலையினும் மிகுதியாயிருக்கும். இதனைக் கலியாண மொய் என்று எள்ளுவாருமுளர். அவ்வெள்ளல் பொருந்தாது. 300 அல்லது 500 பிரதி அச்சிடும் ஓர் ஆசிரியருக்கு அந்த உறைகள் இல்லையெனின், அச்சகக் கடன் அவர்தம் ஓய்வூதியத்திலோ மனைவியின் காப்பிலோ சென்று முடியும்.

குறை வேறிடத்தது. மணவறையில் வைத்து மணமகளின் குறை கூறுவார் யார்? நயவுரை புகழுரையாகவே அமைகின்றது; மறுநாள் அந்நூலைப் பற்றிப் பேசுவாரில்லை. எஞ்சிய பிரதிகள் கட்டிலின்கீழ்க் கடற்காற்றில் ஈரமேறிக் கிடக்கின்றன. பொருளுதவி வேறு, அங்கீகாரம் வேறு. படித்தவர் ஒருவர் நிறையுங் குறையும் ஆராய்ந்து எழுதும் இரண்டு பக்கமே எழுத்தாளனுக்கு அங்கீகாரம், சால்வை அன்று.

இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்துந் தொழில் செய்தவாறு எழுதிய அவர், தம் 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். பரிசோடு அமையாது, 1966 இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, அதனைத் தாமே கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றார். வாழுங்காலத்திலேயே எழுத்தாளர் தம் உருவத்தை அட்டையிற் பொறித்து, அவரைப் பற்றிய கட்டுரையும் வெளியிட்டார். பிற்காலத்தில் கொட்டாஞ்சேனை ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து இதழ் வெளிவந்தது. 2012 வரை ஏறத்தாழ 400 இதழ்கள்! 2021 இல் அவர் மறைந்தார்.

வாங்கியும் படியாது வைத்த பிரதிக்கும் ஒரு பயனுண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். பெருநூலகம் அழிந்தவிடத்துச் சிறு பதிப்புகளைக் காத்தவை வீட்டு அலுமாரிகளே. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், தனியார் வீடுகளிலிருந்தும் நூல்களைப் பெற்று வருடி, எவரும் படிக்க இணையத்தில் இடுகின்றது. விழா மண்டபத்தில் அன்புடன் எனக் கையொப்பமிட்டுக் கொடுக்கப்பெற்ற பிரதிகளும் அங்ஙனம் வந்து சேர்கின்றன.